ஓடக் கூடாத கார்

"வண்டி ஓடுமா, ஓடாதா?"

கார்களை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்பும் அந்த ஆபீஸில் புக்கிங் மேடம் எல்லோரிடமும் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஓடுகிற கார் என்றால் தானே லாரியில் ஏறிக்கொள்ளும். ஓடாத காரைக் கம்பி மாட்டி இழுத்து ஏற்றுவதற்குள், எல்லோரும் 'மீசை' என்று கூப்பிடும் லாரி டிரைவருக்கு நாக்கு தள்ளிவிடும்.

"சுத்தமா ஓடாதுங்க" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பல் டாக்டர். சொல்லிவிட்டு எதற்கோ நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"அவ்வளவு தூரம் அனுப்பறதுக்கு இங்கேயே சரி பண்ணிடலாமே சார்? அடுத்த தெருவுல நல்ல மெக்கானிக் இருக்கார்."

"ஐயையோ, வேண்டாம்!" டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தே விட்டார். "யாரும் கை வைக்கக் கூடாது. இருக்கிறபடியே எங்கண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேரணும்."

மேடம் பதிந்துகொண்டிருக்கும்போதே அவர் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, கார் கிளம்புதுண்ணே... இல்லண்ணே, பார்க்காத மெக்கானிக் இல்ல. எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. என்ன வியாதின்னே தெரியலையாம்... சரிண்ணே."

போனை வைத்தார். வைத்த மறு நிமிஷம், வாசலில் ஒரு இன்ஜின் கம்பீரமாக உறுமியது.

மீசை உள்ளே ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

"மேடம், ஒண்ணுமே இல்ல! ஒரு வயர் வெளியில தொங்கிட்டிருந்துச்சு. சொருகினேன், குதிரை மாதிரி கிளம்பிடுச்சு!"

"யாரைக் கேட்டுய்யா சரி பண்ணினே?" டாக்டர் கத்திய கத்தலில் மேடத்தின் பேனா கீழே விழுந்தது.

மீசையின் முகம் தொங்கிப்போயிற்று. சும்மா சரி பண்ணிக் கொடுத்ததற்குத் திட்டு வாங்கியது அவன் சர்வீஸிலேயே இதுதான் முதல் தடவை.

"அது தானா கழண்ட வயர் இல்ல மேடம்" என்றான் ரோஷமாக. "யாரோ வேணும்னே பிடுங்கியிருக்காங்க."

மேடம் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் மேஜையைப் பார்த்தார். யார் பிடுங்கியது என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அண்ணனுக்குக் காரைக் கொடுக்கவும் மனசில்ல, இல்லேன்னு சொல்லவும் தைரியமில்ல. அதான் கெடுத்துக் கொடுக்கறீங்க. படிச்சவங்க பண்ற வேலையா சார் இது? இந்த புக்கிங்கே எங்களுக்கு வேண்டாம். காரை எடுத்துட்டுப் போங்க."

டாக்டர் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கண்ணன் மெக்கானிக்மா. ஸ்பேனர் பிடிச்சுப் பிடிச்சுத்தான் என்னைப் பல் டாக்டர் ஆக்கினார். போன வருஷம் அண்ணி தவறிட்டாங்க. அன்னிக்குப் பூட்டின ஒர்க்‌ஷாப்பை இன்னும் திறக்கலை. சாப்பிடறார், படுக்கறார், சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார். போன் பண்ணினா 'ம்', 'ம்ஹூம்', அவ்வளவுதான். போன வாரம் பேச்சுக்கு, கார் மக்கர் பண்ணுதுன்னு சொல்லி வெச்சேன். 'கண்டவன் கையில கொடுத்துடாதே, எனக்கு அனுப்பு'ன்னார். இத்தனை மாசத்துல அவர் முழுசா பேசினது அது ஒண்ணுதான்மா."

மீசை மேஜைப் பக்கம் நெருங்கி வந்தான்.

"ஒரு வயர் பத்தாது சார். அவர் டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கண்டுபிடிச்சுடுவார்."

அடுத்த அரை மணி நேரம் அந்த ஆபீஸில் புக்கிங் நடக்கவில்லை. மூன்று தலைகளும் பானட்டுக்குள் கிடந்தன. மீசை ஒவ்வொரு வயராக இடம் மாற்றிச் சொருகினான். மேடம், "அந்த ஃபியூஸையும் எடுய்யா, எதுக்கு விட்டு வைக்கறே?" என்றாள்.

"பார்த்துப்பா, ரொம்ப வலிக்காம" என்றார் டாக்டர், பழக்க தோஷத்தில்.

கார் இழுத்து ஏற்றப்பட்டு, மீசையின் லாரியில் புறப்பட்டது.

அடுத்த வாரம் டாக்டர் பெட்டியும் கையுமாக ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணன் போன் பண்ணினார்மா! அவராவே! ரொம்பப் பெரிய ரிப்பேராம். ஒத்தையாளா முடியாதாம், கூடமாட ஒத்தாசைக்கு வரச் சொல்றார். கிளினிக்கைப் பூட்டிட்டுக் கிளம்பிட்டேன். நம்ம மீசை கில்லாடிம்மா!"

அவர் போன ஆட்டோ திரும்பியதும், மேடம் மீசையை ஒரு பிடி பிடித்தாள்.

"அப்படி என்னய்யா பண்ணித் தொலைச்சே? பாவம், அந்தப் பெரியவரால தனியா முடியலையாம்!"

"நல்லா சொன்னீங்க போங்க! காரை இறக்கின இடத்துலயே பானட்டைத் தூக்கினார் மேடம். நான் கை கால் கழுவிட்டு வர்றதுக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணி ஸ்டார்ட்டே பண்ணிட்டார்."

"அப்புறம் எதுக்கு இவரை வரச் சொன்னார்?"

மீசை சிரித்தான்.

"இன்ஜினை நிறுத்திட்டு, நாம கழட்டினதை எல்லாம் அவரே மறுபடியும் கழட்டிப் போட்டார் மேடம். 'தம்பிகிட்ட மூச்சு விட்டுடாதேப்பா. கல்யாணம் காட்சி இல்லாம அந்தக் கிளினிக்குக்குள்ளேயே கிடக்கான். சும்மா வாடான்னா வரமாட்டான். இதைச் சாக்கு வெச்சு ஒரு மாசமாவது அவனை வெளியில இழுக்கணும்'னார்."