அட்டையில் இல்லாத பெயர்

“உங்க குடும்பத்துல வேற யாராவது எழுதுவாங்களாம்மா?”

கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார். ரோகேல் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“எங்கப்பா ஓஷேரை உங்களுக்கே தெரியும். இங்கே பாதிப் பேருக்கு முடி வெட்டினவர். கதைன்னா என்னன்னே தெரியாது அவருக்கு. யாராவது கதவைத் தட்டினாலே நடுங்குற மனுஷன், அவர் எங்கே எழுதுறது?”

எல்லோரும் சிரித்தார்கள். சமர்கந்தின் யூதர் தெருவில், ஜெப ஆலயத்தை ஒட்டிய கூடம் அது. நியூயார்க்கில் பரிசு வாங்கிய தன் முதல் புத்தகத்தோடு, அறுபதாவது வயதில் பிறந்த தெருவுக்கு வந்திருந்தாள். புத்தகக் கட்டையே அன்று காலைதான் பிரித்திருந்தார்கள்.

கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையின் கழுதை காணாமல் போகும் கதையை வாசிக்க ஆரம்பித்தாள். இரண்டு பக்கம் தாண்டியிருக்காது. மூன்றாவது வரிசையில், பூப்போட்ட தலைத்துண்டு கட்டிய ஒருத்தியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ரோகேல் சொல்வதற்கு ஒரு வார்த்தை முன்னாலேயே அசைந்தன. கையில் புத்தகம் இல்லை.

முன்பல் இடைவெளியைப் பார்த்ததும் ரோகேலுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு சுலாயின் மகள் புலோர்.

நாற்பது வருஷத்துக்கு முன் சுலாயின் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு இஸ்ரேலுக்குப் போனது. கைப்பட எழுதிய ஒரு தாளைக்கூட எல்லை தாண்ட விடாத சோவியத் காலம். மறுநாள் சுவரேறிக் குதித்து அந்த வீட்டுக்குள் போனவள் ரோகேல். மாவுப் பெட்டியின் அடியில், அரசுக்கு ஆகாத பழைய எபிரேய எழுத்தில் நாலு நோட்டுகள் கிடைத்தன. அப்போது ஓர் எழுத்தும் அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் யாரிடமும் சொல்லாமல் ஒளித்து வைத்துக்கொண்டாள். சோவியத் ஆட்சி போன பிறகு நோட்டுகளோடு நியூயார்க் போய் அந்த எழுத்தைக் கற்றுப் படித்தபோது, தெருவில் பேசும் மொழிதான், அத்தனையும் கதை. தெருவுக்கே கதை சொன்னவள் சுலாய். நோட்டு வேறு யாருடையதாக இருக்கும்? சுலாய் இறந்த செய்தி வந்த பிறகு, அதே மொழியில், ஒரு வார்த்தை மாற்றாமல், தன் பெயரைப் போட்டு அச்சுக்குக் கொடுத்தாள்.

மீதிக் கதையை எப்படி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கைதட்டினார்கள். பச்சைத் தேநீரும் அல்வாவும் சுற்றி வந்தன. கையெழுத்து வாங்கியவர்கள் எல்லாம் போனதும் புலோர் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“என்னைத் தெரியுதாடி?”

“தெரியுதுக்கா.”

“தாத்தா பாட்டி கல்லறையைப் பார்க்க இஸ்ரேல்லேர்ந்து வந்தேன். நீ பேசறேன்னாங்க. கேட்கக் கேட்க எனக்கு அழுகையா வந்துடுச்சு.” புலோர் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். “இதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துட்டேன். பேரைக் காணோமே.”

ரோகேலால் தலை நிமிர்த்த முடியவில்லை. புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த ஆளுக்குக் கேட்டுவிடுமோ என்று பயம். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அச்சானதும் நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டதால் சாட்சியும் கிடையாது. ஆனால் எதிரே இருந்த கண்ணில் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“அக்கா, நான் திருடி. இதுல ஒரு வரிகூட என்னோடது இல்லை. உங்க வீட்டு மாவுப் பெட்டியில இருந்து எடுத்தேன். எல்லாம் உங்கம்மா எழுதினது. எல்லாரையும் கூப்பிட்டு இப்பவே சொல்லிடறேன். வர்ற பணமும் உனக்குத்தான்.”

“எங்கம்மாவா?” புலோர் முழித்தாள். “அவளுக்குக் கையெழுத்தே போட வராதே. கைநாட்டுத்தான்.”

“அப்ப யாரு எழுதினது?”

புலோர் அவளையே பார்த்தாள். “நிஜமாவே தெரியாதாடி? மைக்குல அப்படிச் சொன்னப்போ, அடக்கமாப் பேசறேன்னுல்ல நினைச்சேன். உங்க வீட்டைப் போலீஸ் ஒருதரம் குடைஞ்ச பிறகு, உங்கப்பா எங்க அடுப்படியில வந்து உட்கார்ந்துதான் எழுதுவார். முதல்ல எனக்குத்தான் படிச்சுக் காட்டுவார். நாங்க கிளம்பறப்போ, ‘பெட்டியிலேயே இருக்கட்டும், ரெண்டு நாள்ல எடுத்துக்கறேன்’னார்.”

ரோகேல் புலோர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, அட்டையைக் கவிழ்த்து வைத்தாள்.

“அவர் வந்து பார்த்தா நோட்டு இல்லை. போலீஸ்தான் கொண்டுபோயிருக்கு, இன்னிக்கோ நாளைக்கோ என்னைத் தேடி வருவாங்கன்னு, பின்னால ஊரை விட்டு வந்தவங்ககிட்டச் சொல்லி அனுப்பினார். அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் ஒரு வரி எழுதலையாம் உங்கப்பா.”