நாற்காலிப் பக்கத்து ஓலைகள்

நர்ஸ் செடிக்கு சலைன் ஏற்றியிருக்கிறாள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நோயாளிகளுக்கு ஏற்றியதுபோக பாட்டிலில் மிஞ்சுவதையெல்லாம் தினமும் தொட்டியில் கவிழ்த்திருக்கிறாள். மண்மேல் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கிறது.

"வாடி வதங்கி வர்றவங்களே ரெண்டு பாட்டில்ல எழுந்து நடக்குறாங்கக்கா. இது செடிதானே?" என்றாள்.

தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் என் கையெல்லாம் மண்.

இந்த ஆஸ்பத்திரியில் மொத்தம் இருபத்திரண்டு தொட்டிகள். செடி பராமரிக்கும் கம்பெனி சார்பில் வியாழன்தோறும் வந்து பார்ப்பது என் வேலை. பதினாறு வருடத்தில் தானாகக் கெட்டுப்போன செடி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. எல்லாம் இவர்கள் செய்கிற வைத்தியம்.

இந்த அரேகா பாம் டாக்டரின் அறையில், நோயாளி உட்காரும் நாற்காலியை ஒட்டி நிற்கிறது. சாதாரணக் காய்ச்சலுக்கு யாரும் இந்த அறைக்கு வருவதில்லை. ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்காருகிற அறை இது.

ஓலை நுனியெல்லாம் பழுப்பு. அது உப்பு செய்த வேலை. அடி ஓலைகள் மஞ்சள், ஏனென்றால் கீழே தட்டில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கி நாறுகிறது. இத்தனை படித்தவர்கள் நடமாடும் இடத்தில் அதைக் கொட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை.

டாக்டரும் தன் பங்குக்குக் கத்தரியை எடுத்திருக்கிறார். கருகிய நுனியை வெட்டும்போது கருகலில் நூலளவு விட்டு வெட்ட வேண்டும். இவர் பச்சையில் கை வைத்திருக்கிறார். வெட்டிய இடமெல்லாம் மறுபடி கருகி நிற்கிறது. கைராசிக்காரர் என்று ஊரே சொல்கிறது. செடியிடம் அந்த ராசி செல்லவில்லை போலும்.

குளியலறைக்கு இழுத்துப் போய், அடி ஓட்டை வழியாகத் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றி உப்பைக் கழுவினேன். கொழகொழத்த வேர்களை நறுக்கினேன். மேல்மண்ணை வழித்துப் போட்டுவிட்டு, மணலும் நார்த்தூளும் கலந்த புது மண் போட்டேன். திரும்ப அதே இடத்தில் கொண்டுவந்து வைத்தபோது டாக்டர் வந்துவிட்டார்.

"என்னம்மா, ஏதாச்சும் பூச்சியா? நாற்காலிப் பக்கம் ரொம்பக் கிழிஞ்சிருக்கே. ஜன்னல் மூலைக்குத் தள்ளிருங்க. அங்கயும் தேறலன்னா பிளாஸ்டிக் செடி வாங்கி வச்சிரலாம்" என்றார், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே.

பூச்சியாம்.

எந்தப் பூச்சிக்கு ஓலையை நூல் நூலாகக் கிழித்து, மூன்று பிரியாகப் பின்னத் தெரியும்? நாற்காலியில் உட்கார்ந்தால் கை எட்டுகிற உயரத்தில் மட்டும் எந்தப் பூச்சி மேயும்? எதிரே இருப்பவர்களின் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று இத்தனை வருடத்தில் இவர் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்க மாட்டார். ரிப்போர்ட்டைப் பார்ப்பார், கம்ப்யூட்டரைப் பார்ப்பார், மணி பார்ப்பார்.

ஆனால் ஜன்னல் மூலை என்று சொன்னாரே, அது சரி. வெளிச்சம் அங்கேதான் இருக்கிறது, நேர் வெயிலும் படாது. அங்கே வைத்தால் இரண்டே மாதத்தில் குருத்து விடும். நர்ஸ் கேட்டிருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன், நாலு திட்டும் சேர்த்து.

"நகர்த்தினா பட்டுப்போயிரும் டாக்டர். நாற்காலிகிட்டயே இருக்கட்டும்" என்றேன்.

செடி விஷயத்தில் நான் வாய் கூசாமல் சொன்ன முதல் பொய். அந்த மனிதர் அதை அப்படியே நம்பினார். சரி சரி என்று கம்ப்யூட்டரிடம் தலையாட்டினார்.

கிழிந்த ஓலைகளை நான் வெட்டவில்லை. பச்சை இருக்கும்வரை அவை இருக்கட்டும்.

கையைத் தேய்த்துக் கழுவினேன். கம்பெனி கோட்டைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தேன். பையின் அடியில் இருந்த ஸ்கேன் கவரை எடுத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. யாரையும் திட்டக்கூட வாய் வரவில்லை.

ஏழாவதாக என்னைக் கூப்பிட்டார்கள்.

டாக்டர் கவரைப் பிரித்து வெகுநேரம் படித்தார். பிறகு, இத்தனை வியாழக்கிழமைகளில் முதல்முறையாக, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கூட யாராச்சும் வந்திருக்காங்களாம்மா?"

இல்லை என்று சொல்வதற்குள் என் கை ஓலைக்குப் போய்விட்டது.