குளியலறைப் பெரணி

மல்காஜ்கிரி வீட்டுக் குளியலறைச் சுவரில் முளைத்த பெரணிக்கு, கிதியோன் சனிக்கிழமைதோறும் ஆசிட் ஊற்றினார். இலை நுனிகள் கருகும். அடுத்த வாரம் வேறொரு விரிசலில் தலை நீட்டும். ஒருமுறை, தடுக்கப் போன மனைவி கனகமணியின் கையிலும் ஊற்றினார்.

"சுவர்னு நெனச்சேன்," என்றார்.

ஜூனில் அவர் இறந்தார். அன்றே சுவரில் பெரணி இல்லை. விரிசல்கள் மட்டும் இருந்தன.

நவம்பரில், கல்லறைத் திருநாளுக்குக் கனகமணியும் மகளும் சுண்ணாம்பு அடிக்கப் போனார்கள். சொட்டு ஈரமில்லாத அவருடைய சிமெண்ட் கல்லறையில், நெஞ்சுக்கு நேராகப் பெரணி முளைத்திருந்தது. இலை நுனிகள் கருகியிருந்தன.

"மம்மி, ஆசிட் வாங்கிட்டு வரட்டா?" என்றாள் மகள் பிளெசி.

"நக்கோ, வேணாம்."

கனகமணி தழும்புக் கையால் பாட்டில் தண்ணீரை அதன் வேரில் ஊற்றினார்.

"நல்லா உள்ள எறங்கட்டும்."