கதவு வரையாத அறை

மனநல மருத்துவமனையும் ஆராய்ச்சிக்கூடமும் ஒரே கட்டிடத்தில். அதற்கு வரைபடம் போட்டவளுக்கும் பெரிய டாக்டருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்து நோயாளியைக் கவனிக்க அவருக்கு ஓர் அறை வேண்டும். நோயாளியாக வரப்போவதோ அவளுடைய தம்பி.

"என் தம்பி என்ன, கூண்டுல அடைச்ச எலியா?"

"அப்போ வீட்லயே வச்சுக்கோயேன்மா. யாரு வேணாம்னா?"

அவள் அறையை வரைந்தாள். கதவை மட்டும் வரையவில்லை. கொத்தனாரும் படத்தில் இருந்தபடியே நாலு பக்கமும் சுவர் எழுப்பி, நோயாளி அறைப் பக்கம் கண்ணாடியை மட்டும் பதித்துவிட்டார்.

தம்பியைச் சேர்த்த அன்றுதான் டாக்டருக்கு விஷயம் தெரிந்தது. தம்பியின் அறையில், அவன் எதிரிலேயே குதித்தார்.

"திமிரா உனக்கு? நாளைக்கே சுவரை உடைக்கிறேன்!"

"உடைச்சுத்தான் பாருங்களேன்!"

அப்போது கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. உள்ளே ஒரு நாற்காலி, தம்பியின் கட்டிலைப் பார்த்தபடி. தம்பி எழுந்து ஜன்னலோரம் போனான். விளக்கு அணைந்து எரிந்தது. நாற்காலி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

"கதவு வேணாம்மா, அப்படியே இருக்கட்டும்" என்றார் டாக்டர், குரல் இறங்கி.

அவள் தம்பியின் பையைத் தூக்கினாள். "வாடா, வீட்டுக்குப் போகலாம்."

விளக்கு மறுபடி அணைந்து எரிந்தது. உள்ளே நாற்காலி இல்லை.

வெளியே வாசலை மறித்து, யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.