ஒன்றுக்கு ஒன்று

"எங்க அப்பாவ வாங்கிட்டு வரப் போறோம்" என்று பஸ்ஸில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு வந்தாள் ஆறு வயது இர்மா. பக்கத்து சீட்டுப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எதிர்ப்பக்கத்துச் சிப்பாய்கள் அவளுடைய அப்பாவைப் போன குளிர்காலத்தில் பிடித்துப் போயிருந்தார்கள். இன்று ஆற்றுப் பாலத்தில் இரு தரப்பும் ஆள் மாற்றிக்கொள்வதாகத் தகவல். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் இர்மாவையும் தம்பி ஆடிஸையும் அம்மா ராசெமா கூடவே அழைத்து வந்திருந்தாள்.

"அப்பாவுக்கு நாம என்னம்மா குடுக்கணும்?"

சண்டை தொடங்கியதிலிருந்து பொஸ்னியாவில் பணத்தாள் அடுப்பு பற்றவைக்கத்தான் லாயக்கு. சிகரெட்டுக்கு முட்டை, காப்பித்தூளுக்கு விறகு என்றுதான் குடும்பங்கள் ஓடின. பிள்ளைகளுக்கும் அது அத்துப்படி.

"என் காதுத் தோட்டக் குடுத்து வெள்ளைத் துணி வாங்கினேன்ல, அந்த மாதிரிதான். இருக்கிறதக் குடுத்து, வேணுங்கிறத வாங்கறது."

"அந்தத் தோட்டுக்கு ஒரு மூட்டை மாவே கெடைச்சிருக்குமாம். நீ ஏமாந்துட்டேன்னு பக்கத்து வீட்டு மாமா சொன்னாரு" என்றான் ஆடிஸ்.

அப்பாவுக்கென்றால் புதுசாகத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லி, ராசெமா அந்தத் துணி இருந்த பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

இர்மா ஸ்வெட்டருக்குள்ளிருந்து பொம்மையை எடுத்தாள். இதைக் கொடுத்தால் போதுமா என்று கேட்டாள்.

"பொருளுக்குப் பொருள், ஆளுக்கு ஆள்தாண்டி கண்ணு. ஒண்ணு குடுத்தா ஒண்ணு. அவங்க ஆள் ஒருத்தர நம்ம பக்கத்துக்காரங்க குடுப்பாங்க."

"அவரும் அப்பா மாதிரியே இருக்கணுமா?"

"ஆமா. அதே மாதிரிதான் இருக்கணும்."

இர்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்ப அந்தப் பக்கமும் ஒரு பாப்பாவுக்கு அவங்க அப்பா கெடைச்சிருவாரு."

பாலத்தடியில் பஸ் நின்றது. இர்மா தலையை இன்னொரு முறை வாரிவிடச் சொன்னாள். அம்மா வாரியதில் வகிடு கோணிப்போனது.

கையில் பட்டை கட்டிய இளைஞன் ஒருவன் கூட்டத்தைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான்.

"உயிரோட வர்றவங்களுக்கு வலது பக்கம்க்கா. போங்க, வந்துக்கிட்டே இருக்காங்க."

ராசெமா நகரவில்லை. இரண்டு பிள்ளைகளின் தலையையும் இடுப்போடு சேர்த்து அழுத்திக் காதைப் பொத்திக்கொண்டு, மெதுவாகக் கேட்டாள்:

"உடல் வாங்க எந்தப் பக்கம்ப்பா?"