அப்பாவின் லேப்டாப்

மழை மூட்டம் போட்ட மதியம். திரையின் வெளிச்சம் அப்பாவின் முகத்தில் நீலமாக விழுகிறது. தொண்டை ஆபரேஷனில் குரல் போன பிறகு, ஆறு மாதமாக அவர் தட்டுவதையெல்லாம் இந்த லேப்டாப்தான் வாய்விட்டுச் சொல்லி வந்தது. போன வாரம் அது படுத்துவிட்டது. மகள் பழைய சிஸ்டத்தை அழித்துவிட்டு லினக்ஸ் ஏற்றியிருக்கிறாள். எல்லாம் ஓடுகிறது, சத்தம்தான் வரவில்லை. ஸ்பீக்கர் ஒன்று இருப்பதாகவே புது சிஸ்டம் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறது. வைஃபையும் எடுபடாததால் செல்போனைக் கேபிளில் மாட்டி, மூன்றாவது முறையாக, ஸ்பீக்கரை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்குகிறாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடி நிற்கின்றன. மறுபடியும் பிழை. அப்பா கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, ஒற்றை விரலால் தட்டுகிறார்: ‘விடும்மா. கண்ணு கெட்டுடும்.’

“இருங்கப்பா, இன்னும் ஒரே ஒரு தடவை.”

ஒரு வரியை மாற்றிவிட்டு, லேப்டாப்பை அணைத்துப் போடுகிறாள். ஸ்பீக்கரில் ‘டொக்’ என்று கேட்கிறது. “வந்துடுச்சுப்பா! அம்மாகிட்ட ஏதாவது சொல்லுங்க!”

அப்பா சிரித்தபடி தட்டுகிறார். “பசிக்குது, சாப்பிடலாமா?” என்கிறது லேப்டாப். பழைய குரல் கனமானது. நாளாக நாளாக அது அப்பாவுடையதாகவே ஆகிவிட்டிருந்தது. இது மூக்கால் பேசும் வேறு யாரோ ஒருவருடைய குரல். சமையலறையில் பாத்திரச் சத்தம் நிற்கிறது. அம்மா ஈரக் கையோடு எட்டிப் பார்க்கிறாள், வாசல் பக்கமாக.

“யாருடி வந்திருக்காங்க?”

அப்பாவின் விரல் விசைகளின் மேல் அப்படியே நிற்கிறது. மகள் மெதுவாக ஒலியைக் குறைக்கிறாள்.