மணிக்கட்டில் ஓர் அங்கன்வாடி

சிவில் இறுதியாண்டில் ஒவ்வொருவரும் ஒரு நிஜக் கட்டடம் கட்டினால்தான் பட்டம். கூடவே, ஆயுசுக்கும் கழற்றக் கூடாத ஒரு பட்டையை மணிக்கட்டில் மாட்டிவிடுவார்கள். கட்டடம் அதிர்ந்தால் பட்டையும் அதிரும்.

ஜெனிட்டா கட்டியது ஓர் அங்கன்வாடி. ஒப்படைக்க வேண்டிய தேதிக்குப் பயந்து, கூரைத் தளத்தின் கான்கிரீட் இறுகும்வரை தாங்கக் கொடுத்திருந்த முட்டுகளை இரண்டு நாள் முன்னதாகவே பிரித்துவிட்டாள். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பிள்ளைகள் ஓடும்போதெல்லாம் கை துடிக்கும், சோறு இறங்காது.

வளாக நேர்முகத்தில் கம்பெனி அதிகாரி சிரித்தார். "எங்ககிட்ட சேர்ந்தா அந்தப் பட்டையை வெட்டிடுவோம்மா. நிம்மதியா வேலை பாக்கலாம். கையை நீட்டுங்க."

விட்டது சனி என்று நீட்டினாள். கத்தரி தொடுவதற்குள், காலையிலிருந்து ஓயாத அதிர்வு சட்டென்று நின்றது. கூரை இறங்கிவிட்டதோ என்று கையை உதறிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், புள்ளைங்கல்லாம் எங்க?"

"இப்பத்தான் தூங்க வச்சேன். ஏம்மா இப்படிக் கத்துற?"

போன உயிர் திரும்பி வந்தது. அதிகாரி மறுபடி கத்தரியை எடுத்தார். "இப்ப வெட்டலாமா?"

"வெட்டிட்டா, அப்புறம் அந்தக் கட்டடம் யாருக்கு சார் அதிரும்?"

அவர் சட்டைக் கையை அவசரமாக இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குள் அவர் மணிக்கட்டில், பட்டை இருந்த வெளுத்த தடத்தை அவள் பார்த்துவிட்டாள்.